கஞ்சி போட்ட வெள்ளை

நர்ஸிங் சீருடைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தபோது எழுந்த வாசனையில் சிறுவயதுச் சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. இதே கடலூர் வீட்டில் அம்மா மாதா கோயிலின் பீடத்துணிகளைத் தேய்ப்பாள். கட்டிக்கொள்ள ஓடினால், "கிட்ட வராதடி, கறை பட்டா ஃபாதருக்கு யாரு பதில் சொல்றது?" என்பாள். துணி கோயிலுக்குப் போகும்வரை தள்ளியே நிற்பேன்.

இன்று சிதம்பரம் மருத்துவமனையில் எனக்கு முதல் வார்டு நாள். சீருடையில் கறை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை உடுத்திக் கிளம்பும்போது, நான் தனியாக வளர்க்கும் மகள் சட்னிக் கையோடு ஓடிவந்தாள்.

"கிட்ட வராதடி!"

நின்றுவிட்டாள். "நர்ஸுன்னா எல்லாரையும் தொட்டுப் பாத்துப்பாங்கன்னு சொன்னியேம்மா?"

தூக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஈரக் கைக்குட்டையால் தோளைத் துடைத்தும் கறை போகவில்லை. வார்டு சிஸ்டரிடம் என்ன சொல்வதென்று சிதம்பரம் வரை யோசித்தேன். மகளைச் சாக்காகச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை.