இடுப்பைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம்

"வாசப்படி தாண்டும்போதெல்லாம் எதுக்கு இடுப்பத் தொட்டுப் பாக்குறன்னு கேக்குறியே, உனக்கு வேற வேலையே கெடையாதாடி? அடுப்புல பால வெச்சிட்டு வந்து அடுத்தவ இடுப்பப் பாக்குற. போடி, பொங்கிடப் போவுது!"

எதிர்வீட்டுக்காரியைப் பல வருடம் இப்படித்தான் துரத்தினேன். துரத்தத் துரத்தக் கேட்டாள். சரி, எல்லாரும் கேட்டுத் தொலையுங்கள். நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

போன வருடம் மழை விட்ட சமயம், புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மருமகளுக்குக் காலாப்பட்டில் ஆபீஸ் வேலை. பிரசவத்துக்கு எடுத்த லீவை இழுத்து இழுத்து நீட்டியும் தீர்ந்துபோனது. திங்கட்கிழமை போயாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. பேத்திக்கு ஒன்றேகால் வயது. அவள் நடக்கமாட்டாள், ஓடுவாள். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் ஓடமாட்டேன், நடப்பேன். அதனால் குழந்தையை டே கேரில் விடுவதா, வீட்டோடு ஓர் ஆள் வைப்பதா என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

நான் சும்மா இருந்தேனா? "எம்புள்ளைய ஒரு நாளு ஒருத்தர் கையில குடுத்தது இல்ல நானு" என்று வேளைக்கு ஒரு தரம் சொல்வேன். மருமகள் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். அழுகிறாள் என்று தெரியும். தெரிந்தும் அடுத்த வேளைக்கு மறுபடி சொன்னேன்.

சொன்னது பொய் வேறு. நான் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். இப்போது அந்த மில்லும் இல்லை, ஷிப்டுக்கு ஊதும் சங்கும் இல்லை. அப்போது வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளையைப் போட்டு வைக்க அங்கே ஒரு தொட்டில் ரூம் இருந்தது. என் மகன் இரண்டு வயது வரை வளர்ந்தது அதில்தான். என் வீட்டுக்காரரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகனுக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்.

டே கேரைப் பார்க்க மருமகளோடு நானும் போனேன். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "இவ்ளோ புள்ளைங்க இருக்குற எடத்துல ஒரு பொட்டு ஈரம் இல்லியே, இதுங்க ஒண்ணுக்கே போவாதா?" என்று அங்கே இருந்த மேடத்தைக் கேட்டேன். மருமகள் என் கையைக் கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும், ஆளே வைத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஆள் வந்தாள். வைத்திக்குப்பத்துக்காரி, யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். என் கை தானாக இடுப்புக்குப் போனது. தொட்டில் ரூமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்! தலை நரைத்திருந்தது. இடது புருவத்து மேல் இருந்த வெட்டுத் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா? ஒன்றும் புரியவில்லை. பொதுவாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். பேத்தி நேராகப் போய் அவள் மடியில் ஏறி வளையலைத் திருகினாள்.

நான் மருமகளை அடுப்படிக்கு இழுத்தேன். "வேணாம்மா. டே கேரே நல்லது."

"நேத்துதான அத்த அது வேணான்னீங்க?"

"நேத்து நேத்து. இன்னிக்கி இன்னிக்கி."

"ஐயோ, எனக்குத் தலையே சுத்துது அத்த."

எனக்கு மட்டும் என்ன, சுத்தாமல் நின்றா கிடந்தது?

மருமகள் கேட்க வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், "இத்தன வருசத்துல புள்ளைங்க விசயத்துல எதனா தப்பு நடந்துதா?" என்றாள்.

தழும்புக்காரி சொன்னாள்: "ஒரே ஒரு தபாம்மா, மில்லுல இருந்தப்ப. ஒரு புள்ளைய அதோட அம்மாகிட்ட லேட்டா குடுத்துட்டேன். மறுநாளு அந்தப் பொண்ணோட மாமியாரு வந்து, என்ன கேட்டாண்ட நிக்க வெச்சி ஏசிட்டுப் போச்சி."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பேத்தியின் கொலுசைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மருமகள் நோட்டில் என்னவோ எழுதினாள். எனக்கு எழுத்துப் படிக்க வராவிட்டாலும் முகம் படிக்க வரும். "சரிம்மா, யோசிச்சி சொல்லி அனுப்புறோம்" என்றாள். தழும்புக்காரியும் எழுந்துவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் போய்விடுவாள், என் வண்டவாளமும் அவளோடு போய்விடும். ஆனால் அவள் குனிந்து செருப்பைத் தேடியபோது எனக்கு அந்த மில் கேட் கண்ணில் வந்து நின்றது.

அன்றைக்கு லேட்டாக்கியது அவளில்லை. ஷிப்ட் முடிந்து, கூட்டாளிகளோடு யார் வீட்டுக் கல்யாணக் கதையையோ பேசிச் சிரித்துக்கொண்டே பாதி தூரம் வந்துவிட்டேன். தினமும் போல ரொட்டிக்கடையில் ஒரு பன் வாங்கி, பிய்த்து, இடுப்புப் பக்கம் நீட்டினேன். வாங்க ஆளில்லை. பிள்ளையை மில்லிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்! கையில் பன்னோடு திரும்ப ஓடினேன். கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். வெளியே மரத்தடியில் என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் நின்றாள்.

"உங்க மாமியாரு ஒரு மாதிரின்னு சொல்லுவியேக்கா. நான்தான் லேட்டா குடுத்தேன்னு வூட்ல சொல்லிடு" என்றாள்.

அப்படியே சொன்னேன். மறுநாள் என் மாமியார் வந்து அத்தனை பேர் எதிரில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டபோது, நான் பக்கத்தில் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ லேட்டா குடுக்கலம்மா" என்றேன் மருமகளிடம். "நான்தான் புள்ளைய மறந்துட்டு வூட்டுக்கு நடந்துட்டேன்."

"எந்தப் புள்ளைய அத்த?"

"எனக்கு எத்தன புள்ள இருக்கு? உன் வூட்டுக்காரனத்தான்."

மருமகள் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது. பேத்தி அதை எடுத்து வாயில் போட்டாள். நானும் மருமகளும் வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடியே நிற்க, தழும்புக்காரிதான் பாய்ந்து வந்து விரலை விட்டு மூடியை வெளியே எடுத்தாள்.

"அப்ப ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்லன்னு சொன்னது?" என்றாள் மருமகள், மூச்சு வந்த பிறகு.

"குடுக்கலியே. வுட்டுட்டுல்ல வந்தேன்."

அவள் சிரித்தாளா, அழுதாளா, எனக்கு இன்றும் சரியாகச் சொல்ல வராது. ஆனால் அடுப்படிக்குள் போகவில்லை. குழாயைத் திறக்கவில்லை.

"என்னத் தெரிஞ்சிதா உனக்கு?" என்று தழும்புக்காரியைக் கேட்டேன்.

"உள்ள வரப்பவே. இடுப்பத் தொட்டியேக்கா. அன்னிலேருந்து கேட்டத் தாண்டுறப்பல்லாம் தொட்டுப் பாத்துட்டுத்தான போவ."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ சொல்ல வேண்டியத நான் எப்பிடிக்கா சொல்றது?"

திங்கட்கிழமை மருமகள் காலாப்பட்டு பஸ் ஏறினாள். தழும்புக்காரி காலையிலேயே வந்துவிட்டாள். ஆள் வைத்தது சரியா, டே கேர்தான் நல்லதா என்று கேட்டால் இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். டே கேருக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷில் பாடுகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை, தழும்புக்காரி சொல்லிக்கொடுத்த மீன் பேராகச் சொல்கிறது. எனக்காக ஒருத்தி வாங்கிக்கொண்ட ஏச்சை இத்தனை வருடம் இடுப்பில் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறேன் என்று மட்டும் புரிந்தது.

எதிர்வீட்டுக்காரி விடுவாளா? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "நீ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப புள்ளைக்கு எதுக்கு ஆளு?" என்று கேட்டாள்.

"புள்ளைக்கு இல்லடி, எனக்கு" என்றேன். "நான் மறந்துட்டு வந்தா, தூக்கியாந்து குடுக்க ஒருத்தி வேணாமா?"