ஜெனீவாவிலிருந்து பாரிஸ் ஒரு மணி நேரம்

எழுபதுகளின் நடுவில் பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே குதைபியா பகுதியில் மனைவி, மகளுடன் குடித்தனம். ஊழியர்களுக்கு விமான டிக்கெட் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. ஐரோப்பாவில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், இடையே எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று பெரும்பாலும் விமான அட்டவணைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அவற்றில் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

அந்த ஆண்டு லண்டன் பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தேன். மனைவி ஸ்வெட்டர்கூடப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். வாய்ப்போ, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு மதுரைக்காரருக்குப் போயிற்று. அவர் டிக்கெட்டையும் நான்தான் போட வேண்டும்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், ஜெனீவால எங்க அக்கா இருக்கு. கல்யாணமாகிப் போனப்ப பாத்தது. வழியில எறங்கிக்கலாமா?"

அன்றைய முழுக் கட்டண டிக்கெட்டில் ஒரு சலுகை உண்டு. மொத்த மைல் ஒரு வரம்பைத் தாண்டாதவரை, கூடுதல் பணம் கட்டாமல் வழியிலுள்ள ஊர்களில் இறங்கலாம். கூட்டிப் பார்த்தேன். வரம்புக்குள் இடமிருந்தது. இல்லாமல் போகாதா என்று மறுபடியும் கூட்டினேன். அப்போதும் இருந்தது.

"எறங்கலாம். பாரிஸையும் பாத்துட்டுப் போகலாம்" என்றேன். வயிறு எரிந்தது.

"ஜெனீவாலருந்து பாரிஸ் ரொம்பத் தூரமோ?"

"ஒரு மணி நேரம். இங்கேருந்து துபாய் போற மாதிரிதான்."

"துபாய்லதான உங்க தம்பி இருக்காரு? அடிக்கடி போவீங்களா சார்?"

போனதில்லை என்றேன். அவர் சிரித்தார். "நல்ல அண்ணன் சார் நீங்க."

எனக்கும் தம்பிக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. லீவு என்றால் ஊர்தான். இருவர் லீவும் ஒத்துவந்தால் கும்பகோணத்தில் பார்த்துக்கொள்வோம். சில வருடங்களாக ஒத்துவரவில்லை. ஊருக்குப் போகிற வழியில் பம்பாய்க்குப் போவதைத் தவிர வேறெதற்கும் விமானம் ஏற எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

மதுரைக்காரர் கிளம்பிப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இந்நேரம் இறங்கியிருப்பார், அக்கா வாசலில் நிற்பாள் என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனையும் பாரிஸையும்விட, வாசலில் நிற்கும் அந்த அக்காதான் என்னை அதிகம் உறுத்தினாள்.

பொறுக்க முடியாமல் தம்பிக்கு எழுதினேன். அவன் தன் கஃபீலிடம், அதாவது தனக்குப் பொறுப்பேற்ற அரபு முதலாளியிடம், கெஞ்சி எனக்கு விசா வாங்கி அனுப்பினான். ஒரு வெள்ளிக்கிழமை துபாய் போய் இறங்கினேன்.

விமான நிலைய வாசலில் நின்ற தம்பிக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. எனக்குத் தெரியாமல் மூக்குக் கண்ணாடி வேறு. அவன் அறை இருந்த பர் துபாய் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, மறைக்காமச் சொல்லு. ஊர்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலடா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினான்.

மதுரைக்காரர் பாரிஸ் பார்த்தார், நான் பார்க்கவில்லை என்ற பொறாமை இன்றும் எனக்குத் தீரவில்லை. ஆனால் அது வராமல் இருந்திருந்தால், துக்கச் செய்தி எதுவும் இல்லாமல் என் தம்பியின் கதவைத் தட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தே இருக்காது.