அரபு தெரிந்த சின்னம்மாவோடு கோல்போர்ன் வீதிக்கு

ஈஸ்டர் விடுமுறைக்கு மொரோக்கோ போகவிருக்கும் இரண்டு வாசகர்கள் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்: கொஞ்சம் அரபு படித்துக்கொண்டு போனால் சமாளிக்கலாமா? அந்த நாட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் அதற்கு வெகு காலம் முன்பே, லண்டனுக்குள் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போன ஒரு பயணத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. அன்று அடைந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அது 1997 ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது. என்னோடு கணக்கியல் படித்த நஜாத்துக்குக் கல்யாணம். மொரோக்கோவில் பிறந்து, பத்து வயதில் லண்டனிலிருந்த தன் அத்தையிடம் வந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முந்திய மருதோன்றிச் சடங்குக்கு அவளுடைய கையில் கோலம் போட என்னைக் கேட்டிருந்தாள். கூம்பில் அடைத்து மெல்லிய கொடிகளாக இழுக்கும் எங்கள் பாணி அவளுக்குப் பிடிக்கும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஆறு கூம்புகள் வாங்கினேன்.

கூடவே சின்னம்மாவும் புறப்பட்டுவிட்டார். சின்னம்மா குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் வேலை செய்தவர். எங்கள் சொந்தக்காரர் மத்தியில் அரபு தெரிந்த ஒரே ஆள். நஜாத்தின் தாய் கல்யாணத்துக்காக மொரோக்கோவிலிருந்து வந்திருக்கிறார், ஆங்கிலம் தெரியாது என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான், காஞ்சிபுரம் வெளியே வந்துவிட்டது.

"அங்க இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்களும் இருப்பினம், சின்னம்மா."

"நீ பேசாமல் வா பிள்ளை. அரபிக்காரரோட அரபியில கதைச்சால்தான் மரியாதை. நான் குவைத்தில என்ன, ஆறு வருஷம் காத்தே வாங்கினனான்?"

அன்று ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, வைட்சப்பலில் ஹாமர்ஸ்மித் லைனுக்கு மாறி, வெஸ்ட்போர்ன் பார்க்கில் இறங்கினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தது. நாள் முழுவதற்குமான டிக்கெட் நாலு பவுணுக்குள் முடிந்தது. அங்கிருந்து கோல்போர்ன் வீதிக்குப் பத்து நிமிட நடை. போர்த்துக்கீசரின் கேக் கடைகள், நடைபாதையில் பழைய தளபாடங்கள், ஒரு வண்டியில் மத்தி மீன் பொரிக்கும் மொரோக்கோக்காரர். ஒரு தட்டு இரண்டு பவுண். சின்னம்மா வண்டிக்கு முன்னால் நின்று நீளமாக ஏதோ அரபியில் கேட்டார். மீன்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், "குவைத்தா அம்மா, துபாயா?" என்று சிரித்தார்.

"பாத்தியே, டக்கெண்டு விளங்கிப்போச்சு."

"அவர் இங்கிலிஷிலதானே சொன்னவர்?"

"அது உனக்காக, பிள்ளை."

மாப்பிள்ளை கரீமின் வீடு ஒரு கவுன்சில் கட்டடத்தின் ஏழாம் மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினோம். கதவைத் திறந்தவர் கரீமின் தாய் ரஹ்மா. வடக்கு மொரோக்கோவில் கடலோரத்து லராஷ் நகரத்துக்காரர். லண்டன் ஹோட்டல்களில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். உள்ளே சுவரை ஒட்டிப் போட்ட மெத்தை இருக்கைகளில் பதினைந்து பெண்கள் இருக்கலாம். நடுவே நஜாத்தும் அவளுடைய தாய் மிமூனாவும்.

சின்னம்மா நேரே போய் மிமூனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சுகம் விசாரித்தார், பயணம் எப்படி என்றார், மகளைப் புகழ்ந்தார். எல்லாம் அரபியில், கையைக் காலை ஆட்டி. மிமூனா யன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா குரலை உயர்த்தி மறுபடி தொடங்கினார்.

நஜாத் என் காதருகே குனிந்தாள். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். "அம்மாவுக்கு அரபு தெரியாது" என்றாள்.

"உங்கட அம்மா மொரோக்கோதானே?"

"மொரோக்கோதான். நாங்கள் ரிஃப் மலையாட்கள். எங்கட பாஷை வேற. அட்லஸ் மலையில இன்னொண்டு, தெற்கில இன்னொண்டு. ஊரில அதை விட்டால் வேற ஒண்டும் தேவைப்படேல்லை."

இதைத் தமிழில் சொன்னபோது சின்னம்மா கோபப்பட்டார். "அரபு நாட்டில பிறந்து அரபு தெரியாதோ? ஆருக்குக் கதை விடுறாள்?"

அடுத்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ரஹ்மா தேநீரோடு வந்து மிமூனாவிடம் ஏதோ சொன்னார், மிமூனா பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். அது எந்த மொழி என்று கேட்டேன். ஸ்பானியம்! வடக்கு மொரோக்கோவை ஒரு காலத்தில் ஸ்பெயின் ஆண்டது. ரஹ்மா சிறுமியாக லராஷில் கற்றது, மிமூனா இளவயதில், இன்றும் ஸ்பெயினின் கையிலிருக்கும் மெலில்யா நகரத்தில் ஒரு ஸ்பானிய வீட்டில் சமைத்துக் கற்றது. ஒரே நாட்டுச் சம்பந்திகள், தங்களை ஆண்டவர்களின் மொழியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கூம்பை எடுத்து நஜாத்தின் வலது உள்ளங்கையை விரித்தேன். நுனி தோலைத் தொடுமுன் மிமூனாவின் கை வந்து அந்தக் கையை மூடிக்கொண்டது.

மிமூனா ரஹ்மாவைப் பார்த்து ஸ்பானியத்தில் நிதானமாகப் பேசினார். தாயிடம் கற்ற கொஞ்ச ஸ்பானியத்தை வைத்து நஜாத் எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூத்த மகளைக் காசாபிளாங்காவில் அரபு பேசும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தாராம். போன கோடையில் அந்த மகளின் நாலு வயதுப் பையன் ஊருக்கு வந்திருந்தான். தாய் சந்தைக்குப் போன அன்று, பேரன் அழுது அழுது ஏதோ சொல்லியிருக்கிறான். பசி என்று நினைத்து இவர் பாலும் ரொட்டியும் ஊட்டியிருக்கிறார். பையன் தட்டிவிட, அடம் என்று அதட்டியும் இருக்கிறார். தாய் திரும்பியபோது அவன் காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. காது நோகிறது என்பதைத்தான் அத்தனை நேரமும் அரபியில் சொல்லியிருக்கிறான்.

"இன்னொரு பேரப்பிள்ளைக்கு நான் அப்படி இருக்கமாட்டேன்" என்றாராம் மிமூனா. நஜாத்தின் பிள்ளைகளுக்கு ரிஃப் மொழி உண்டு என்று ரஹ்மா இத்தனை பேர் முன்னால் வாக்குத் தரவேண்டும். தராவிட்டால் மருதோன்றி இல்லை.

ரஹ்மாவின் முகம் சிவந்தது. "என் வீட்டில் குர்ஆனின் மொழி பேசுகிறோம். அது உனக்குக் குறையா?"

இந்தக் கல்யாணம் இப்போது நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

"என்னவாம்? என்னவாம்?" என்று சின்னம்மா என் விலாவில் இடித்தார். தமிழில் சொன்னேன். பேரனின் காதுக் கதை வந்ததும் சின்னம்மாவின் முகம் மாறியது. மிமூனாவை விட்டுவிட்டு ரஹ்மாவின் பக்கம் திரும்பி, தன் குவைத் அரபியை எடுத்தார். இந்தத் தடவை நீளமாக இல்லை. நோர்வே என்ற பெயர் காதில் விழுந்ததால் எனக்கும் பிடிபட்டது: மகன் நோர்வேயில். பேத்தி நோர்வேயில். டெலிபோனைக் காதில் வைப்பதுபோல் கையை வைத்தார். "ஹலோ" என்றார். கையைக் கீழே இறக்கினார். "கலாஸ்." முடிந்தது என்று அர்த்தம், எனக்கே தெரிந்த ஒரே அரபுச் சொல்.

சின்னம்மா பேத்தியைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. பிள்ளை தமிழ் நல்லாய்க் கதைக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தார்.

ரஹ்மா சின்னம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு மிமூனாவிடம் சொன்னதை நஜாத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எப்படி வாக்குத் தருவேன்? நான் அரபியில் கேட்டால் என் மகனே ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். உன் மகளும் அவனும் பேசிக்கொள்வது எதில்? அவளைக் கேள்."

எல்லோரும் நஜாத்தைப் பார்த்தார்கள். அவள் தன் மொழியில் தாயிடம் சொன்னது எனக்கு மொழிபெயர்க்கப்படவில்லை. பிறகு கேட்டபோது, "நானே கதைக்கிறன் எண்டு சொன்னனான்" என்றாள். மிமூனா மகளின் முகத்தில் எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். நான் கோலம் போடத் தொடங்கினேன். முதல் கொடி கோணலாகத்தான் வந்தது.

நஜாத்துக்கு ஒரு மகள். பிள்ளை நேர்சரிக்குப் போகும்வரை சொன்ன வாக்கைக் காப்பாற்றியதாகவும் பிறகு முடியவில்லை என்றும் நஜாத் சொல்வாள். சில வருடங்களுக்கு முன் அவர்களுடைய வீட்டில் இருந்தபோது போன் அடித்தது. ஊரிலிருந்து மிமூனா. பதினைந்து வயது மகள் எடுத்து, அறை முழுக்க நடந்து நடந்து அரை மணி நேரம் வாயடித்தாள். மறுமுனையில் கிழவி சிரிப்பது எனக்கே கேட்டது. "கடைசியில் உங்கட பாஷை வந்திட்டுதே!" என்றேன். நஜாத் தலையை அசைத்தாள். "ஸ்பானிஷ். பள்ளிக்கூடத்தில படிக்கிறாள். அம்மாவுக்காகத்தான் அதை எடுத்தவள்."

சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் தேநீரைக் குடித்தேன். இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காது நொந்தால் பாட்டிக்கு விளங்கும்.

போகிறவர்களுக்கு: நகரங்களில் மொரோக்கோ அரபு போதும், புத்தக அரபு படித்துப் போனால் செய்தி வாசிப்பவர்போல் இருப்பீர்கள். அலுவலகங்களில் பிரெஞ்சு, வடக்கில் ஸ்பானியம் கைகொடுக்கும். மலைப்பக்கம் போனால் அந்தப் பகுதியின் மொழி எது என்று முன்கூட்டியே கேளுங்கள். பெர்பர் என்ற பெயரைப் பலர் விரும்புவதில்லை. அமாசிக் என்று சொல்லுங்கள். இப்போது அந்த மொழிக்கு அரசமைப்பிலும் இடம் உண்டு, பலகைகளில் அதன் எழுத்தைப் பார்ப்பீர்கள். பிரயாணச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சனிக்கிழமை மத்தியானம் கோல்போர்ன் வீதிக்குப் போங்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து இப்போது மாறாமலே போகலாம். யாரோடு பேச்சுக் கொடுத்தாலும், நீங்கள் மொரோக்கோவா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் என்ன மொழி என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குச் சற்று நேரம் எடுக்கும். பொறுத்திருங்கள்.