நாயின் கழுத்தில் விட்ட மருந்து

எங்கள் கால்நடை மருத்துவமனையின் கம்பவுண்டர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். நாய்க்கு உண்ணி என்று யார் வந்தாலும் அதே பாடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதும் எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றின் விஷத்தைப் பார்த்துச் செய்த மருந்து இது. உண்ணியின் நரம்பில் திறந்த கதவை மூடவிடாது, உண்ணி துடித்தே சாகும். நாயின் கல்லீரல் இதை உடைத்துத் தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வித்தை தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் 'பூனைக்குக் கூடாது' என்று சிவப்பு மையில் அவரே எழுதி ஒட்டுவார். இருபது வருடத்தில் தன் கையால் ஒரு பூனைக்கும் கேடு வந்ததில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் தன் வீட்டுப் பூனையையே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த அம்மாளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பூனைதான். கம்பவுண்டர் வீட்டிலும் நிறையப் பேசுவார், கேட்பதுதான் கிடையாது.

பூனைக்குக் காது முதல் வால்வரை வெட்டி வெட்டி இழுத்தது. உண்ணி மருந்து போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். பூனைக்குப் போடவே இல்லை என்று இவர் சாதித்தார். நேற்று மாலை வீட்டு நாய்க்குத்தான் போட்டாராம், கழுத்தில் மயிரை விலக்கி, முறைப்படி.

"அது தினமும் நாய் கழுத்துல தலை வச்சுத்தாங்க தூங்கும்," என்றார் மனைவி. "உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

கம்பவுண்டர் சோப்பு எடுக்க உள்ளே ஓடினார்.

டாக்டர் ஊசி போட்டதும் இழுப்பு கொஞ்சம் அடங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கம்பவுண்டர் பூனையைக் கழுவினார். மனைவி துண்டோடு பக்கத்திலேயே நின்றார், திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் பூனை எழுந்து தண்ணீர் குடித்தது. அழைத்துப்போக அந்த அம்மாள் கூடையோடு வந்தார். கம்பவுண்டர் பூனையைக் கூடையில் வைத்தார். இப்போது பாடம் ஆரம்பமாகும் என்று நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வீட்டுல இந்தப் பூனை வேற என்னல்லாம் பண்ணும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். கம்பவுண்டர் கூடையைச் சுமந்தபடி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்தார்.