நாடா தொய்யும் வரை

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர். அல்சேஷன் கலப்பு என்று சொல்லித்தான் அப்பாவின் அலுவலக நண்பர் கொடுத்தார். காதுகள் மட்டும் அதற்குச் சாட்சி. மற்றபடி சிட்லபாக்கத்துத் தெருநாயின் எல்லா லட்சணமும் அதற்கு இருந்தது. பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. தினமும் காலையில் அப்பா அதை வெளியே கூட்டிப்போவதாக நாங்கள் சொல்லிக்கொள்வோம். இரும்புச் சங்கிலி விறைத்து நிற்க, பின்னால் சாய்ந்தபடி அப்பா ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஒரு பூனையைக் கண்டு டைகர் பாய்ந்ததில் அப்பா சாக்கடைக்குள் விழுந்தார். மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்த கையோடு முடிவைச் சொல்லிவிட்டார். வண்டலூருக்கு அப்பால் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப்போவார். அந்தச் சூளையில் இருந்த பழைய நாயை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் வெயிலில் கட்டப்பட்டுக் கிடந்து, கழுத்து மயிர் உதிர்ந்து, சோறு வைக்க வருபவரைப் பார்த்தும் பல்லைக் காட்டியது. டைகரும் அப்படி ஆகிவிடும் என்று நினைத்து நான் கட்டிலுக்கடியில் போய் அழுதேன்.

அங்கே வந்து என்னைக் கண்டுபிடித்தது சித்திதான்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "லீவுக்கு வந்திருக்கா" என்று அம்மா தெருவில் சொல்லிவைத்திருந்தாள். லீவு நீண்டுகொண்டே போனதால் சித்தி வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவசரத்துக்குக் கடைக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருவாள். எனக்கும் தெரு என்றால் பயம். யாராவது பெயர் கேட்டால்கூட நழுவிவிடுவேன். இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அப்பாவிடம் நேராக நின்று பேசாத சித்தி அன்று பேசினாள்.

"மாமா, அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் அத நான் கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இழுக்காம நடந்துச்சுன்னா நம்மகிட்டயே இருக்கட்டும்."

அப்பா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "எனக்கே இந்தக் கதி. நீ பிடிச்சா ஸ்டேஷன்ல நிக்காது. நேரா செங்கல்பட்டுதான்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் சித்தி இரும்புச் சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உடைந்த கட்டிலிலிருந்து உருவிய நாடாவை இரண்டாக மடித்துத் தைத்து, டைகரின் கழுத்துப்பட்டையில் கட்டினாள்.

"இத்தன நாளா அது இழுத்துச்சு, மாமா பின்னாடியே போனாரு. இழுத்தாதான் போக முடியும்னு அது நெனச்சுக்கிட்டிருக்கு. அதும்மேல என்ன தப்பு?" என்றாள் என்னிடம்.

கேட்டைத் திறந்ததும் டைகர் பாய்ந்தது. சித்தி காலை அகட்டி, நாடாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நின்றுவிட்டாள். திட்டவில்லை, பின்னுக்கு இழுக்கவுமில்லை. அது எம்பியது, முனகியது, மண்ணைப் பிறாண்டியது. கடைசியில் இவள் ஏன் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தது. நாடா தொய்ந்தது. அந்த நொடியே சித்தி அதன் வாயில் ஒரு துண்டு வறுக்கி ரொட்டியைக் கொடுத்துவிட்டு நடந்தாள். மூன்றடி போனதும் மறுபடி விறைத்தது. மறுபடி நின்றாள். நாலு வீடு தள்ளியிருந்த விளக்குக் கம்பத்தை அடைய முக்கால் மணி நேரம் ஆனது.

நடுத்தெருவில் ஒரு பெண் நாயோடு அசையாமல் நின்றால் தெரு சும்மா இருக்குமா? இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டே கேட்டார்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் செலையாட்டம் நின்னுகினு கீறீங்க? மால போட மந்திரி வராரா?"

நான் வறுக்கிப் பொட்டலத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். சித்தியின் காது சிவந்தது. ஆனால் நாடா தொய்யும்வரை அவள் நகரவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மூலை வீட்டு அம்மாள் கோலப்பொடியோடு வெளியே வந்தவர், எங்களைப் பார்த்ததும் கோலத்தை மறந்துவிட்டார்.

"ஏம்மா, உன் லீவு இன்னும் முடியலையா? உங்க வீட்டுக்காரர் எப்ப வந்து கூட்டிட்டுப் போறாரு?"

தெருமுனைவரை கேட்கும் குரல். நேரம் பார்த்து டைகரும் ஓர் ஆட்டைக் கண்டு இழுத்தது. நான் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாம் சித்தி" என்றேன்.

"இப்ப நகர்ந்தா இத்தன நாள் பட்டதெல்லாம் வீணாயிடும்டி" என்றாள். நாடாவைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"அவர் வரமாட்டாருங்க. நானும் போகமாட்டேன்."

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. மூலை வீட்டு அம்மாள் அவசரமாகக் குனிந்து கோலம் போட ஆரம்பித்தார். டைகர் திரும்பிப் பார்த்தது. "வாடா" என்று சொல்லி சித்தி நடந்தாள்.

ஆடு நிற்கும்போதே டைகர் திரும்பிப் பார்த்துவிட்டது என்பதுதான் எனக்கு அன்றைய பெரிய செய்தி. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். மற்றதையும் சொன்னதும் அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சூளைக்காரர் தோளில் கனத்த சங்கிலியோடு மொபெட்டில் வந்து இறங்கினார். "ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வந்துடறோம், அப்புறம் பேசலாம்" என்றார் அப்பா. சித்தியும் டைகரும் முன்னால் போக, அப்பாவும் அவரும் நானும் பின்னால் போனோம்.

மீன்கூடைக்காரி எதிரே வந்தாள். டைகர் மூக்கைத் தூக்கியது, அவ்வளவுதான். எருமைகள் உரசிக்கொண்டு போயின. ஸ்டேஷனை நெருங்கும்போது மின்சார ரயில் வந்து கூட்டம் வெளியே கொட்டியது. பைகளும் கால்களும் சைக்கிள் மணிகளுமாக எங்களைச் சுற்றி ஓடின. நாடா சித்தியின் கைக்கும் நாயின் கழுத்துக்கும் நடுவே ஊஞ்சல் கயிறுபோலத் தொங்கி லேசாக ஆடிக்கொண்டே போனது. டைகருக்குள் இருந்த பலம் எனக்குத் தெரியும். அது அப்பாவைச் சாக்கடையில் தள்ளிய பலம். அது எங்கேயும் போய்விடவில்லை, அந்த நாலு காலுக்குள்ளேயே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

டீக்கடைச் சுவரில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. நாடா குச்சிபோல நிமிர்ந்தது. சித்தி நின்றாள். அப்பா தன் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டைகரின் முதுகுமயிர் எழுந்தது, அடங்கியது. பிறகு அது பூனையை விட்டுவிட்டு சித்தியின் முகத்தைப் பார்த்தது. நாடா மெல்லத் தொய்ந்தது.

சூளைக்காரர் தாடையைத் தடவினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ சாதுவா இருந்தா நம்ம சூளைக்கு ஆவாது. திருடன் வந்தா கூடவே வாக்கிங் போயிடும்."

"அப்படியா, சரி, என்ன பண்றது" என்று அப்பா வருத்தப்படுவதுபோல் சொன்னார். திரும்பி வரும்போது, யாரும் கேட்காமலே டீக்கடையில் டைகருக்கு ஒரு பன் வாங்கினார்.

மறுநாள் காலை சித்தி தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டாள். சானடோரியம் பக்கம் புதிதாக வந்திருந்த தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். பத்தாவது சர்டிபிகேட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். டைகரையும் கூட்டிப்போகச் சொல்லி நான் அடம்பிடித்தேன்.

"அது வீட்ல இருக்கட்டும்டி."

நானும் டைகரும் கேட்டருகே நின்று பார்த்தோம். சித்தி இஸ்திரி வண்டி அருகே நின்று ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். மூலை வீட்டு அம்மாள் எதையோ கேட்டார். அதற்கும் நின்று, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு நடந்தாள். மற்றவர்களெல்லாம் ரயிலைப் பிடிக்க அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். கையில் நாயும் இல்லாதபோது இவள் எதற்காக இத்தனை நிதானமாக நடக்கிறாள் என்று டைகரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.