ஒரு தெருவின் அரிவாள்மணைகள்

போன வாரம் ஆயுத பூஜை உங்களுக்கெல்லாம் நல்லபடியாக முடிந்ததா? எனக்கு... சொல்கிறேன்.

நாற்காலிக் கால், கதவுத் தாழ்ப்பாள் என்று அம்பத்தூர் வீட்டில் நானே ஏதாவது தச்சுவேலை பார்ப்பேன். மூர் மார்க்கெட்டில் ஒரு சீமைச் சாணைக்கல் வாங்கியதிலிருந்து தச்சுவேலை போய், உளி தீட்டுவதே வேலையாகிவிட்டது. கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய்; உளியின் சாய்வு கல்லில் படிய, முன்னும் பின்னும் ஓர் இழுப்பு — அதில் ஒரு சுகம். கூர் வந்துவிட்டதா என்று கை ரோமத்தைச் சிரைத்துப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து, இடது கை முழங்கை வரை வழவழவென்று ஆகிவிட்டது. ஆபீஸில் எங்கள் வெள்ளைக்கார துரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

பூஜையன்று உளிகள், இழைப்புளித் தகடு, வீட்டுக் கத்திகள் எல்லாம் தீட்டி முடித்தும் ஆசை அடங்கவில்லை. தீட்டத் தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரிவதில்லை. தெருவில் வீடு வீடாகப் போய், "அரிவாள்மணையைக் கொடுங்கள், தீட்டிப் பூஜையிலும் வைத்துவிடுகிறேன்" என்றேன். சும்மா வருகிறது என்றால் யார் விடுவார்கள்? அன்றைய சமையலுக்கு நறுக்கி முடித்த கையோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வாழை இலையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். பார்க்கவே பெருமையாக இருந்தது.

அப்போது என் மனைவி வந்து நின்றாள்.

"வாழக்கா நறுக்கணும். நம்ம அருவாமனை எங்க கீது?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று சாயங்காலம் என் தங்கை செல்லத்தைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வருகிறார்கள். பஜ்ஜி போட்டாக வேண்டும். ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிற்று. என்னால் இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. இரவல் வாங்கலாம் என்றால்... தெருவின் அரிவாள்மணை மொத்தமும் என் வீட்டு இலையில் உட்கார்ந்திருக்கிறது.

"பல்லையும் ஒரு தீட்டு தீட்டிக்குங்க. கடிச்சுத் துண்டு போடலாம்" என்றாள் மனைவி.

செல்லம் வாழைக்காயைக் கையால் முறித்தாள். அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி, மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டாள். ஒவ்வொரு பஜ்ஜியும் ஒரு தினுசு.

சாயங்காலம் வந்த மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கல்லால அடிச்சாப்பல கீது?"

செல்லம் மறைக்கவில்லை. "எங்க அண்ணன் தெரு கத்தியெல்லாம் தீட்டிப் பூஜைல வெச்சுட்டாருங்க. நறுக்க ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கணவரையும் அதே பார்வை. குரலைத் தாழ்த்தினார் — தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"எல்லா ஊட்லயும் ஆம்பளைங்க இப்டித்தாம்மா. நான் வருசா வருசம் பூஜைக்குக் காட்டாம ஒரு கத்தியை ஒளிச்சு வெச்சுருவேன். எங்கன்னு, நீ நம்ம ஊட்டுக்கு வந்தப்புறம் காட்றேன்."

சம்பந்தம் முடிவாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கத்தி?" என்றார்.