ஒத்திகையில் விழுந்த அடி

பக்கத்து அறையில் மனைவி பெட்டியை 'டப்'பென்று மூடும் சத்தம் கேட்டது. தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷ இல்லறம் மடித்துப் பெட்டிக்குள் போய்விட்டதே!

இரண்டு மாதமாக அவர் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. துணிதான் சுருங்குகிறது என்று சாதித்து, ஏழு கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்தார். எட்டாவதில் பிரிக்கத் துணி மிச்சமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது என்று ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"திருட்டுக் குடி! ஈரல் போச்சு!" என்று தீர்ப்புச் சொல்லி, தங்கையை அழைத்துப் போக வந்து உட்கார்ந்திருந்தார் மைத்துனர். ஒரு சொட்டும் தொடாத மனிதருக்கு இப்படியொரு பழி!

போன் அடித்தது. மைத்துனரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஈரல் நல்லாருக்கு," என்றார் டாக்டர். "ஆனா அந்த நீர்ல கணையச் சாறு ஏகத்துக்கும் கலந்திருக்கு. கணையக் குழாய் எங்கயோ கசியுது. நாளைக்கு ஸ்கேன் எடுத்து இடத்தைக் கண்டுபிடிப்போம். குடிச்சாலும் இப்படி ஆகும், வயித்துல பலமா அடிபட்டாலும் ஆகும். உங்களுக்கு எது?"

"வாயைத் திறங்க மாப்பிள்ளை!" என்று அதட்டினார் மைத்துனர்.

மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். தையல்காரர் மூலையைப் பார்த்தார். தைத்ததை மாட்டிப் பார்க்கும் தலையில்லாத பொம்மை அங்கே நின்றது.

"அடிதான் டாக்டர். மூணு மாசத்துக்கு முன்னாடி கல்யாண நாளை மறந்துட்டேன். இவகிட்ட மன்னிப்புக் கேக்கப் பயம். இவ சட்டையைப் பொம்மைக்கு மாட்டி ஒத்திகை பார்த்தேன். அழுகை தாங்காம கட்டிப்பிடிச்சதுல ரெண்டு பேரும் விழுந்துட்டோம். பொம்மையோட இரும்புக் கம்பி என் வயித்துல..."

"ரெண்டு பேருமா?" என்றார் டாக்டர்.

"நானும் பொம்மையும்."

"துணியை விடக் கதை நல்லாத் தைக்கிறீங்க!" என்றார் மைத்துனர்.

"இரு அண்ணே!" மனைவி குறுக்கிட்டாள். "என் பச்சைச் சட்டை அதான் கிழிஞ்சிருந்துச்சா? எலி கடிச்சுதுன்னீங்களே!"

"எலி இல்ல, நான்தான்," என்றார் அவர்.

"பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட ஒருதடவை மன்னிப்புக் கேட்டதுண்டா? அந்தக் கட்டைகிட்டப் போய் அழுதீங்களே!" அவள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெட்டி கீழே இறங்கியது. கண்களைத் துடைத்துக்கொண்டு மூலையைக் காட்டினாள்.

"வந்தது வந்தே அண்ணே, வெறுங்கையோட போகாதே. இவளைக் கூட்டிட்டுப் போ."

கம்பி தன் வயிற்றில் படாமல் பொம்மையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மைத்துனர் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.